மாப்பிள்ளை வைத்த அளவு

என் மலரின் கை பிடித்த மாப்பிள்ளைக்கு, அத்தை அன்போடு எழுதுவது.

நீங்கள் போய் இரண்டு பனிக்காலம் ஆகிவிட்டது. இங்கே சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் கட்டு வயலிலேயே கிடக்கிறது. உங்களுக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு பழைய வழக்கு.

தலைதீபாவளிக்கு நீங்கள் வரவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து முறுக்கும் அதிரசமும் சுட்டு வைத்திருந்தேன். "கோவிச்சுக்காதீங்க அத்தை, பனி வண்டி ஒண்ணு வாங்கறேன், அந்த வாரந்தான் கைக்கு வருது" என்று போனில் சொன்னீர்கள். படமும் அனுப்பினீர்கள். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சறுக்குப் பலகை, பின்சக்கரத்துக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பெல்ட். நம் வயலில் இறங்கும் அறுவடை மிஷினுக்கு இருக்குமே, அதேமாதிரி. "இதுல எலுமிச்சம்பழத்தை எங்க வைப்பீங்க?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் கேலிக்குக் கேட்கவில்லை, கோபத்தில் கேட்டேன்.

அந்த வண்டியைத்தான் இந்தப் பனிக்காலத்தில் மலர் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தாள். ரோடே இல்லாத மலைச்சரிவுக்கு நீங்கள் போவீர்களாமே, அங்கே உங்கள் சிநேகிதர்களோடு போகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விழுந்து வருகிறாள்.

ஒருநாள் போனில் முகம் பார்த்துப் பேசும்போது தோள் தெரிந்தது. கன்றிக் கறுத்திருந்தது.

"என்னடி அது?"

"ஒண்ணுமில்லம்மா. பனிதானே, மெத்துமெத்துன்னுதான் இருக்கும்."

"மெத்தையில விழுந்தா இப்படிக் கறுக்குமா?"

அப்புறம்தான் உண்மை வந்தது. நீங்கள் தொண்ணூறு கிலோவுக்கு மேல். அவள் ஐம்பத்தைந்தைத் தாண்டமாட்டாள். உங்கள் கனத்துக்கு இறுக்கிய ஷாக் ஸ்பிரிங் அவள் உட்கார்ந்தால் ஒரு விரல்கூட இறங்குவதில்லை. பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதால் பாரமெல்லாம் முன்னால் போய், பலகை புதுப்பனியில் மூக்கைக் குத்துகிறது. அவளைத் தூக்கி எறிகிறது. தளர்த்திவிடு என்று சிநேகிதர்கள் எல்லாரும் சொல்லியும் இவள் ஸ்பேனரைத் தொடவிடவில்லை.

"அவரு கையால வெச்ச அளவும்மா. அதை மாத்திட்டா அவரு போயிட்ட மாதிரி ஆயிடும்."

"போயிட்டாருடி" என்று சொல்லிவிட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியும். அவள் போனை வைத்துவிட்டாள். நான்கு நாள் பேசவில்லை.

மலையில் யாருமில்லாத இடத்தில் கழுத்து முறிந்து கிடந்தால் என்ன செய்வேன் மாப்பிள்ளை? உங்களைப் பறிகொடுத்த மாதிரி அவளையும் அந்தப் பனி ஊருக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கவா?

ஐந்தாம் நாள் நம் வயலில் மிஷின் இறங்கியது. மத்தியானம் ஆள் மாறினார்கள். புதிதாக ஏறியவர் ஒல்லி. ஏறியதும் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுத்தார். சாயங்காலம் பழைய ஆள் வந்தார், திரும்பப் பின்னால் தள்ளிக்கொண்டார். தன் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் வரப்பிலேயே நின்று மலருக்குப் போன் போட்டேன்.

"அவரு அளவு என்னான்னு சொல்லு."

"எதுக்கு?"

"நான் வெச்சுக்கறேன். உனக்கு எப்ப வேணுமோ அப்ப கேளு. நான் எதையாவது மறந்திருக்கேனா?"

"அந்தத் தீபாவளியையாவது மறந்திருக்கலாம்" என்றாள். சிரித்தாளா அழுதாளா, மிஷின் இரைச்சலில் தெரியவில்லை.

கொட்டகைக்குப் போய் எண்ணிச் சொன்னாள். ஸ்பிரிங்கை இறுக்குகிற வளையத்துக்கு மேல் வெளியே தெரிவது பதினோரு மரை. பெல்ட் சட்டத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கிற வாரில் இரண்டாம் ஓட்டை. பெல்ட்டின் நடுவில் எடையைத் தொங்கவிட்டால் மூன்று விரல் இறக்கம். மூன்று முறை திருப்பிச் சொன்னேன்.

மறுநாள் வளையத்தைத் தளர்த்தினாள். வாரை இரண்டு ஓட்டை நீட்டினாள். வாரைத் தொட்டால் பெல்ட் இழுவையும் மாறுமாம், அதையும் திரும்பப் பார்த்துச் சரிசெய்திருக்கிறாள். கோட்டு, பை, மண்வெட்டி எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாளாம். வண்டி அவளுக்கு இறங்கிக் கொடுத்தது. இறங்கி வந்து கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுததாகச் சொன்னாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து கூப்பிட்டாள். "விழலைம்மா. ஒருதரம்கூட விழலை."

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது மாப்பிள்ளை. கல்யாணத்தன்று யார் யார் என் வீட்டில் சாப்பிடாமல் போனார்கள் என்பதுவரை இருக்கிறது. ஆனால் நீங்கள் இருந்த பதினோரு வருஷத்தில் போனில் உங்களிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டதாக நினைவில்லை. அப்படியென்றால் நான் கேட்கவே இல்லை.

எழுத்துக்கூட்டித்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அப்புறம் மலர் யாரிடம் கேட்பாள்? அதற்காகத்தான் உங்கள் அளவைக் காகிதத்திலும் போட்டுவைக்கிறேன். நான் இருக்கும்வரை, எந்த நேரத்தில் அவள் கேட்டாலும், முதல் முறை கேட்கிற மாதிரி சொல்வேன். சலித்துக்கொள்ள மாட்டேன். இது சத்தியம்.

மலரைப் பெற்றவள்,
உங்கள் அத்தை