காருக்குள் ஐந்து கிலோ அரிசி

ஒரு சின்னப் பொய்தானே, சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று பல் தேய்க்கும்போது யோசித்தேன். பிறகு போய்க் கார் கதவைத் திறந்தேன். சிரிப்பு தாங்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏங்க, ஜன்னலை மூடாமல் காரை மழையில் விட்டது நான்தான். நீங்கள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததும் நியாயம்தான். ஆனால், "நனைஞ்ச போன் அரிசியில காயுதுல்ல, கார் காயாதா?" என்று அரிசி மூட்டையைக் காருக்குள் கவிழ்த்தது நீங்கள். அது இப்போது ஊறி, உப்பி, புளித்து, சீட்டுக்கு அடியில் நுரைத்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் எழுவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். மெக்கானிக் பத்து மணிக்கு வருவார். சாவி ஃப்ரிட்ஜ் மேல். சீட்டைக் கழற்றி, கீழே இருக்கும் விரிப்பை வெயிலில் போடச் சொல்லுங்கள். காய் சமைத்து வைத்திருக்கிறேன். ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை, எல்லாம் காரில்.

"அரிசியை நீ கொட்டினதா மெக்கானிக்கிட்ட போன்ல சொல்லிடும்மா, இல்லன்னா என்னைக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவான்" என்று நேற்று ராத்திரி கெஞ்சினீர்கள். உங்கள் தங்கை கல்யாணத்தில் நீங்கள் மோதிரத்தைத் தொலைத்ததிலிருந்து உங்களுக்காக எத்தனையோ பழியை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ சுருங்கும். இன்று சுருங்கவில்லை.

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) தூங்கும்போது உங்கள் தலைமுடியில் ஓர் அரிசி ஒட்டியிருந்தது. எடுக்க மனம் வரவில்லை.

மெக்கானிக்கிடம் பேசிவிட்டேன். "அரிசியைக் கொட்டின புண்ணியவான் யாருக்கா?" என்று கேட்டார்.

"வீட்டுலதான் இருக்காரு. வாங்க, அவரே சொல்வாரு" என்றேன்.