விருந்தாளியாகப் போன அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை காய்கறி வாங்கப் பை தேடி அலமாரியின் மேல்தட்டைக் கிளறியபோது ஒரு மஞ்சள் பை என் தோள்மேல் விழுந்தது. மணமக்கள் பெயர் அச்சடித்த தாம்பூலப் பை. உள்ளே ஒரு வெற்றிலை காய்ந்து, சுருண்டு, துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து முகர்ந்தேன். அதன்பிறகு கடைக்குப் போகத் தோன்றவில்லை. ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். நடந்தும் ஆறவில்லை, எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் எவ்வளவு நேரம் உட்காருவேன் என்று தெரியாது.

நான் ஒன்றும் சேவை செய்யும் ஆசையில் ஆதம்பாக்கத்து முதியோர் இல்லத்துக்கு வரவில்லை. மகள் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனபின் ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு வீட்டுக்குள் என்னால் இருக்க முடியவில்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு இல்லத்தில் இருப்பவர்களை வேனில் வெளியே அழைத்துப் போகும் குழு ஒன்று இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வீட்டைவிட்டு வெளியே போக ஒரு சாக்கு கிடைத்ததே என்று சேர்ந்துகொண்டேன்.

அந்த முதல் ஞாயிறு பெசன்ட் நகர் கடற்கரை. எல்லோரையும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைத்து, கையில் சுண்டல் பொட்டலம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாற்காலி மட்டும் காலி. திரும்பிப் பார்த்தால் நீங்கள் மணலில் வெகுதூரம் போயிருந்தீர்கள். கால் வீக்கத்தோடு, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ஓடி வந்து மூச்சு வாங்கினேன்.

"ஆயா, எங்க போறீங்க?"

"ஆயான்னு கூப்டாத. அக்கான்னு கூப்டு" என்றீர்கள். "எங்கியும் போவல. சும்மா நடந்துகினு கீறேன். நீ இன்னாத்துக்கு இப்டி ஓடியாற?"

அடுத்த முறை மயிலாப்பூர் கோயில். அதற்கடுத்து மறுபடியும் கடற்கரை. வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நீங்கள் முணுமுணுத்தது இப்போதும் காதில் விழுகிறது. "கோயிலு, பீச்சு. கோயிலு, பீச்சு. வயசாய்ட்டா வேற எங்கியும் போவ ஆச வராதா?"

"உங்களுக்கு எங்க போகணும், அக்கா?"

யோசிக்கவே இல்லை நீங்கள். "கல்யாணத்துக்கு."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. அன்றுதான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்த காலமெல்லாம் தி. நகரிலும் மயிலாப்பூரிலும் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்த்திருக்கிறீர்கள். பின்பக்கச் சந்து வழியாக உள்ளே போய், அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, அந்தச் சந்து வழியாகவே வெளியே வருவீர்கள். மேளச் சத்தத்தை வைத்துத்தான் தாலி கட்டியாயிற்று என்று தெரியும். ஒரு மணப்பெண்ணின் முகத்தைக்கூட நீங்கள் பார்த்ததில்லை. பிறகு கரையைக் காலி செய்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து மண்டபத்துக்கு விடியுமுன் வந்துசேர பஸ் கிடையாது. வேலை போயிற்று. கணவரும் போய்ச்சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. விழுந்து கிடந்த உங்களை எதிர்வீட்டுக்காரர்கள் இல்லத்தில் கொண்டுவந்து விட்டார்கள்.

"பன்னீர் தெளிக்கிறாங்கல்ல முன்னாடி, அந்த வாசல் வழியா ஒரு தபா போவணும். மொத பந்தியில குந்தணும். அவ்ளோதான்."

"இதென்ன பெரிய விஷயம்? ஏதாவது ஒரு மண்டபத்துக்குள்ள போய் உட்கார்ந்தா யார் கேக்கப் போறா?"

உங்கள் முகம் மாறியது. "கூப்டாத கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். என்னிய இன்னான்னு நெனச்ச?"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. என் சித்தி வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. கேட்டேன். "நல்ல காரியத்துல ஹோம்ல இருக்கிறவங்களையெல்லாமா கூட்டிட்டு வருவே?" என்று சித்தி மகள் போனை வைத்துவிட்டாள். உங்களிடம் சொல்லவில்லை. நீங்களோ இல்லத்தின் போனிலிருந்து தினமும் கூப்பிட்டுக் கேட்டீர்கள். "இன்னாமே, எதனா ஆச்சா?" இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நாக்கு கசந்தது. உங்கள் கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் கணக்குப் பார்க்கும் தி. நகர் துணிக்கடையின் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை கொடுக்க அவரும் மனைவியும் என் மேசைக்கு வந்தபோது, தயங்கித் தயங்கி உங்களைப் பற்றிச் சொன்னேன்.

"கூட்டிட்டு வாங்க. இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

அவர் மனைவி அவரை முறைத்தார். "அவங்கதான் கூப்பிடாம வர மாட்டேன்னு சொல்லுதாங்கல்லா? நேர்ல போய்க் கூப்பிடுததுதான மொற?"

அந்த அம்மாள் ஆதம்பாக்கத்துக்கு வந்தார், அக்கா. தாம்பாளத்தில் பத்திரிகை, பழம், குங்குமம். குங்குமச் சிமிழை நீட்டியபோது நீங்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டீர்கள். "எங்க வூட்டுக்காரரு பூட்டாரும்மா."

"அதனால என்ன? எடுத்துக்கிடுங்க. வீட்டுக்கு மூத்தவங்களாட்டம் மொத ஆளா வந்திரணும்."

நீங்கள் எடுத்து இட்டுக்கொண்டீர்கள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள்.

இல்லத்தின் மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டம், உப்பு, இனிப்பு, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். நான் பொறுப்பு என்றேன். அந்த வாரம் முழுக்கக் கடையில் ஒரு பக்கத்தைக்கூடத் தப்பில்லாமல் கூட்டவில்லை.

கல்யாணத்தன்று கிளிப்பச்சைப் புடவை. என் அலமாரியில் இருந்த எல்லாப் புடவைகளையும் கொண்டுவந்து கட்டிலில் பரப்பி, நீங்கள் பொறுக்கியது. வழியில் நெரிசல். ஆட்டோ நகரவில்லை. "எறங்கி நடந்தா இந்நேரம் போயிருப்போம்" என்று கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தீர்கள். மண்டபத்தில் இறங்கி நான் ஆட்டோக்காரரிடம் பேசித் திரும்புவதற்குள் நீங்கள் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிட்டிருந்தீர்கள். ஓடிவந்து கையைப் பிடித்தேன்.

நீங்கள் குனிந்து உங்கள் கால்களையே பார்த்தீர்கள். "அட, பாத்தியா. இது தானா போவுது."

முன்வாசலில் பன்னீர் தெளித்தார்கள். முகத்தைத் துடைக்காமல் அப்படியே நின்றீர்கள். சந்தனம், கற்கண்டு. அண்ணாச்சி மனைவி வந்து "வாங்கக்கா" என்று கையைப் பிடித்து முதல் வரிசையில் உட்கார வைத்தார். தாலி கட்டும்போது எழுந்து நின்று, மணப்பெண்ணின் முகத்தையே பார்த்தீர்கள். "அழுவுறா. எல்லாப் பொண்ணும் அழுவுமா?" என்று என் காதில் கேட்டீர்கள்.

முதல் பந்தி. சாம்பாரைக் குறை சொன்னீர்கள். அவியலைப் புகழ்ந்தீர்கள். பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினீர்கள். மேனேஜரின் முகம் என் கண்ணில் வந்து வந்து போனது. ஆனால் பின்பக்கம் பாத்திரம் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் உங்கள் கை இலைமேல் நின்றுவிடும். கவனித்தேன்.

அண்ணாச்சி பந்தி பார்த்துக்கொண்டே வந்தார். எல்லோரிடமும் கேட்பதுபோல் உங்களிடமும் கேட்டார். "நல்லா சாப்பிட்டீங்களா? கொற ஒண்ணும் இல்லையே?"

"ஒரு கொற கீது" என்றீர்கள்.

பக்கத்து இலைக்காரர்கள் திரும்பினார்கள்.

"பின்னால பாத்திரம் தேய்க்கறவங்களுக்கு எல போடல."

பந்தி மேற்பார்வை பார்த்த சமையல் காண்டிராக்டரின் ஆள் குறுக்கிட்டார். "அவங்க எப்பவும் கடைசியிலதாம்மா சாப்பிடுவாங்க."

"எப்பவும்தான். எனக்குத் தெரியாதா? ஆறுன சோறுதான் இருக்கும். ரசம் தீந்து பூட்டிருக்கும். அப்பளம் தூளு. அண்ணாச்சி, நீ கேட்ட, நான் சொன்னேன். சூடா போடு."

அண்ணாச்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த பந்திக்குக் காத்து நின்றார்கள். அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "அடுத்த பந்தியில அவங்களையும் உக்காத்துங்க. நான் பரிமாறுதேன்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அவர்கள் நால்வரும் வந்தார்கள். வர மனமில்லாமல்தான் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி உங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். "யக்கா! நீ உசுரோடவா கீற?"

"பாத்தா எப்டித் தெரியுது? குந்துடி."

எதிர் வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து வேறு வரிசைக்குப் போனது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். "போவட்டும். காத்து வரும்" என்றீர்கள். உங்கள் குரல் அப்போது கொஞ்சம் உடைந்திருந்தது. எனக்கு மட்டும் தெரிந்தது.

பிறகுதான் சிக்கல். காகிதக் கோப்பை வேண்டாம், எவர்சில்வர் தம்ளர்தான் வைக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். தேய்க்க ஆள் இல்லை. தம்ளர் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா "தண்ணி வைக்கக்கூட நாதியில்லையா?" என்று சத்தம் போட்டார். அண்ணாச்சியின் முகம் வெளுத்தது. இலையில் உட்கார்ந்த பெண்கள் பதறி எழப் பார்த்தார்கள். நீங்கள் ஒருத்தியின் தோளை அழுத்தி உட்கார வைத்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

நான் போனேன், அக்கா. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சந்துப்பக்கத் தொட்டிக்குப் போனேன். என்னளவு உயரமான அண்டா. கால் வைத்த இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, சோறு, தண்ணீர். புகை கண்ணைக் கரித்தது. தம்ளர்களை அள்ளிப்போட்டுத் தேய்த்தேன். சீக்கிரமே இடுப்பு விட்டுப்போயிற்று. நிமிர்ந்தபோது நீங்கள் கைத்தடியை ஊன்றி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"உள்ளாற விரல வுட்டுத் தேய்மே. அடியில பாயசம் ஒட்டிகினு கீது."

"நீங்களும் ஒரு கை கொடுக்கலாமில்ல?"

"நானா? நான் இன்னிக்கு விருந்தாளி" என்று சிரித்தீர்கள். இல்லத்தில் அத்தனை மாதங்களில் பல் தெரிய நீங்கள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிட்டு வந்த உங்கள் தோழிகள் என்னைத் தொட்டியிலிருந்து விரட்டினார்கள். கவிழ்த்த அண்டாமேல் உங்களை உட்கார வைத்துச் சூழ்ந்துகொண்டார்கள். யார் செத்தார்கள், யார் எங்கே வீடு மாறினார்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரமும் நீங்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

கிளம்பும்போது உங்கள் தாம்பூலப் பையை என்னிடம் தந்தீர்கள். "ஹோம்ல தேங்காய எங்க ஒடைக்கறது? நீ வெச்சுக்க." ஆட்டோவில் ஏறியதுமே அடுத்த ஆசை. "அந்தப் பொண்ணுக்கு வளகாப்பு வருமில்ல? சொல்லி வையி."

வளைகாப்பு வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். முந்தின இரவே என்று ஒரு வேலைநாள் மதியம் கடைக்குப் போன் வந்தது. நான் ஆதம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடித்துவிட்டிருந்தார்கள். உங்கள் கட்டிலில் வேறு விரிப்பு. கல்யாணச் சாப்பாட்டால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். திரும்பத் திரும்பக் கேட்டேன், ஒவ்வொரு முறையும் இல்லை என்றார். ஆனாலும் அந்த இரண்டாவது பாயசத்தை நினைத்துப் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. வளைகாப்பு வந்தது. அண்ணாச்சி மனைவி "அக்காவயும் கூட்டிட்டு வந்திருங்க" என்றார். அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கையிலிருந்த தாம்பாளத்தை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் இன்னும் ஞாயிறுகளில் இல்லத்துக்குப் போகிறேன். வேனில் ஏறுமுன் ஒவ்வொருவரிடமும் எங்கே போகவேண்டும் என்று கேட்கிறேன். குழுவில் சிலருக்கு அது எரிச்சல். கேட்டுவிட்டுக் கூட்டிப்போக முடியாத இடங்களும் இருக்கின்றன. அவை என்னை அரித்துக்கொண்டே இருக்கின்றன.

போன மாதம் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். தெரிந்தவர் வீட்டு விசேஷம். பெண்ணின் அப்பா வந்து, "சாப்பிட்டாச்சா? எல்லாம் திருப்தியா?" என்று கேட்டார்.

"பின்னாடி இருக்கிறவங்க சாப்பிட்டாங்களா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "யாரு? அதெல்லாம் காண்டிராக்டர் பார்த்துப்பார். நீங்க உட்காருங்கோ, ஐஸ்கிரீம் வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

உட்கார முடியவில்லை, அக்கா. இலையை மூடிவிட்டு, பாத்திரச் சத்தம் வந்த பக்கமாக எழுந்து நடந்தேன்.