ஜும்மா நேரத்தில் திறந்த மதகு

செப்டம்பர் 8, திங்கள்

எங்கள் இரண்டாம் இறால் தொட்டியின் தீன் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். போட்ட தீன் போட்டபடி கிடக்கிறது. இறால்கள் கரையோரம் ஒதுங்கி நிற்கின்றன, கையை விட்டாலும் ஓடவில்லை. ஒன்றைப் பிடித்து ஓட்டை உரித்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். வெள்ளைப்புள்ளி நோய்.

என் புருஷனிடம் காட்டினேன். "வாயத் திறந்திராத ஷிம்லா," என்றார். இறாலுக்கு என்ன என்று கேட்கவில்லை. என் வாய்தான் அவருக்கு முதல் கவலை.

செப்டம்பர் 10, புதன்

செத்து மிதக்கின்றன. நாற்றம் சமைக்கிற குசினி வரைக்கும் வருகிறது, சோறு இறங்கவில்லை. அள்ளிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

நோய் வந்தால் இறால் வளர்ப்போர் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். மதகை அடைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணீரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். அந்த விதியை எழுதும்போது சங்கச் செயலாளர் யார்? இதே மனிசன், ஃபைஸல்தான். இப்போது, "சொன்னா அடுத்த முறை குஞ்சு விட உடமாட்டாங்க," என்கிறார். விதி மற்றவனுக்கு எழுதியது போல.

செப்டம்பர் 12, வெள்ளி



வெள்ளை ஜுப்பா, தொப்பி, அத்தர் எல்லாம் போட்டுக்கொண்டு ஜும்மா தொழுகைக்கென்று போனார். ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிவாசலில். வாய்க்கால் கரையில் ஒரு சனம் இல்லை. நான் காகம் விரட்டத் தொட்டிப் பக்கம் போனேன். மதகடியில் ஒரு ஆள் ஜுப்பாவை இடுப்பில் சுருட்டிக் கட்டிக்கொண்டு பலகையை இழுக்கிறார். என் மனிசன்.

கறுப்புத் தண்ணீர், நுரையோடு, செத்ததுகளையும் உருட்டிக்கொண்டு, களப்பு ஏரிக்குப் போகிற வாய்க்காலுக்குள் இறங்குது. ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் கேட்குது.

"என்ன வேல இது?" என்றேன்.

"களப்பு எவ்வளவு பெருசு. அதுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?"

"களப்புக்குப் போற வழியில என்னோட கூடப் பொறந்த தாத்தாட பம்பு இரிக்கி."

"அவ பம்பு போட்டா அதுக்கு நான் என்ன செய்ற?"

காலைக் கழுவிக்கொண்டு, தொழுகையின் கடைசிப் பகுதிக்காவது சேர்ந்துவிட வேண்டுமென்று ஓடினார். த்தூ.

எங்களுக்கெல்லாம் இருப்பது ஒரே வாய்க்கால். கழிப்பதும் அதில், எடுப்பதும் அதில். கடலைப் போல இந்தக் களப்பில் பெரிய வற்றுப்பெருக்கும் கிடையாது. காற்றுத் திரும்பினால் போன தண்ணீர் அப்படியே திரும்பி வரும். இத்தனை வருஷம் இதே தொழில் செய்கிறவருக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். தெரிந்துதான் செய்தார்.

உம்மு குல்சூம் தாத்தா என் அக்கா, எனக்கு நேரே மூத்தவள். அவளுடைய தொட்டி எங்களுக்குக் கீழே. போன இரண்டு முறையும் இறால் செத்துப் போயிற்று. அவள் புருஷன் முஸம்மில் மச்சான் கட்டாரில் கிடந்து உழைக்கிறார், இந்த முறை கைகொடுத்தால் ஊரோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் சொன்னால் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள். சொல்லாவிட்டால்?

இருட்டி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு தாத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

"தாத்தா, பம்பு போடாத."

"ஏன் புள்ள? தண்ணி வத்திக் கிடக்கு. நாளைக்கு விடிய சுபஹோட போடத்தான் இரிக்கன்."

"போடாத. இவர் மதகத் திறந்திட்டார்."

"ஜும்மா நேரமா?" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நம்மட ஆக்களுக்கு வேற எந்த நேரம் தோது?"

செப்டம்பர் 14, ஞாயிறு

வாய்க்காலில் மீன் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. நண்டுகள் கண்டல் மர வேரில் ஏறிக் குந்தியிருக்கின்றன, கீழே இறங்க மனமில்லை. செத்த இறாலைத் தின்கிற நண்டு சாகாதாம். நோயைச் சுமந்துகொண்டு அடுத்த தொட்டிக்கு நடந்து போகுமாம். நண்டு பாவம், அதுக்கு ஒன்றும் தெரியாது.

அவர் விடிய வெள்ளாப்பில் தேத்தண்ணி கேட்டார். வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தாத்தா முறையிட்டிருக்கிறாள். சங்கத் தலைவர் முத்தலிபு ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். இவர் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்திருக்க, நான் கண்டதைக் கண்டபடி சொன்னேன்.

"ஃபைஸல் ஜும்மாவுல எனக்குப் பின்னுக்குத்தான் நின்டார் மகள்," என்றார் ஹாஜியார்.

"எப்ப வந்து நின்டார்?"

"தொழுகையில நிக்கிற நான் பின்னுக்குத் திரும்பிப் பார்க்கிறதா?" பிறகு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். "மதகடியில நண்டு ஓட்ட போட்டிரிக்கும். அது நடக்கிறதான்."

"ஓம் ஹாஜியார், நண்டுதான்," என்றார் என் மனிசன்.

பலகையைத் தூக்கிப் போட்ட நண்டு. தொப்பி போட்ட நண்டு. இரண்டு பேரும் பிஸ்கட் தின்றார்கள்.

செப்டம்பர் 20, சனி

பகலெல்லாம் தாத்தாவின் தொட்டியில்தான். சுற்றிவரப் பொலித்தீன் வேலி நட்டோம், நண்டு ஏறாமல். மேலே தூண்டில் நூல் இழுத்துக் கட்டினோம், காகம் இறங்காமல். எங்கள் தொட்டிக் கரையில் கிடக்கும் செத்த இறாலைக் கொத்திக்கொண்டு வந்து இங்கே போட்டால் எல்லாம் முடிந்தது. செத்துப் போனதுகளை அள்ளிப் புதைக்க அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. காலையில் நானே அள்ளினேன். எத்தனை தரம் சவுக்காரம் போட்டுக் கழுவியும் கை நாறுது.

புதுத் தண்ணீர் இல்லை, வெயிலுக்கு உப்பு ஏறுகிறது. காற்றுக் கலக்கத் தொட்டித் தண்ணீரை அடிக்கிற சக்கரம் ஓயாமல் சுற்றுகிறது.

"நோய்ல சாகாம வெந்து சாகப் போகுதுகள்," என்றாள் தாத்தா. "ஒரு மணித்தியாலம் பம்பப் போட்டா என்ன?"

"போட்டியெண்டா நான் உன்னோட கதைக்கவும் மாட்டன்."

போடவில்லை.

செப்டம்பர் 27, சனி

மழை இல்லை. அவருக்குச் சோறு வைத்துவிட்டுத் தாத்தாவின் தொட்டிக்குப் போய்விடுகிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மத்தியானம் தொடங்கிய மழை அஸர் தொழுகை தாண்டியும் விடவில்லை. நனைந்துகொண்டே ஓடினேன். தாத்தா தீன் தட்டைத் தூக்கிக் காட்டினாள். துடைத்த மாதிரி வெறுமை. ஒன்றைப் பிடித்துப் பார்த்தோம். குடல் முதுகு நெடுகக் கறுப்புக் கோடாக நிறைந்திருந்தது. வயிறு நிறையத் தின்றிருக்கிறது, கள்ளப்பயல். இரண்டு பேரும் சேற்றில் குந்திக்கொண்டு அழுதோம்.

அக்டோபர் 26, ஞாயிறு

நேற்றுத் தாத்தா இறால் பிடித்தாள். முஸம்மில் மச்சான் அடுத்த மாதம் வந்துவிடுவார்.

பகல் எங்கள் வீட்டுக்கும் ஒரு சட்டி இறால் ஆணம் காய்ச்சி அனுப்பியிருந்தாள். அவருக்கும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறாள், அவள் மனசு அப்படி. அவர் கைகழுவி வந்து சாப்பிட இருந்தார். தலையை உடைத்து உறிஞ்சினார், விரலை நக்கினார். பிறகு நல்ல மனசோடு சொல்கிறார்:

"உன்ட தாத்தாக்கு இந்த முற தண்ணி நல்லா அமைஞ்சிட்டுது."

சோற்றுப் பீங்கானை நீட்டினார். இன்னும் கொஞ்சம் போடணுமாம்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் போய்க் குந்தினேன். மிச்சமிருந்ததை எல்லாம் நானே தின்று முடித்தேன். உள்ளேயிருந்து இரண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.