பூங்கழல் மாதேவியார் கேட்ட கணக்கு

மங்கலம் நிலைக்க. மண்ணும் நீரும் வாழ்க.

எண்டிசை வேந்தரும் திறை சுமந்து வரத் திருமுற்றம் இடம் போதாதவர், பகைவர் கனவிலும் குதிரையேறிச் சென்று அவர்தம் உறக்கம் கவர்ந்தவர், தம் குடைநிழல் விழுந்த நிலமெல்லாம் தமதென்று கொண்டருளியவர், கடலைக் கண்ணால் காணாமலே கடல்கொண்டான் என்று பெயர் பெற்றவர், ஏழ்பொறை நாடுடைய கோப்பெருவீரகண்டர் திருவாய் மலர்ந்தருள எழுதிய ஓலை. நெய்தல்வாயில் நாட்டில் தம் திருத்தந்தையார் அரண்மனையில் எழுந்தருளியிருக்கும் பட்டத்தரசி பூங்கழல் மாதேவியார் கண்டு அறிக. அங்கே உப்பளம் விளைக, வலைகள் நிறைக, தேவியார் திருமேனி நலம் பெறுக.

இங்கு அரசர் நலம். பட்டத்து யானை நலம். மற்றவர்கள் உயிரோடிருக்கிறார்கள்.

இனிச் செய்தி.

தேவியார் சினந்து பல்லக்கேறிய அன்று, திருமுற்றத்தில் நின்ற அத்தனை பேரும் கேட்க, "மாதா மாதம் மனைச்செலவுக்கென்று எடுக்கும் பொன் எங்கேதான் போகிறது? விளக்குக்கு எண்ணெய் இல்லை, சோற்றுக்கு நெய் இல்லை. இந்த வீட்டுக்கு எதற்கு இத்தனை பெரிய வாசல்? இதற்குக் கணக்குச் சொல்லும்வரை நான் திரும்ப மாட்டேன்" என்று கேட்டருளியது நினைவிருக்கும். பல்லக்குப் போய்விட்டது, கேள்வி போகவில்லை. அது திருமுற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தது. வருத்தத்தால் அரசர் அன்று நண்பகல் உணவு கொள்ளவில்லை. மாலையில் இருவேளைக்கும் சேர்த்துக் கொண்டருளினார். கை கழுவிய கையோடு மனையதிகாரி காரி நக்கனை அழைத்துவரச் சொன்னார்.

காரி நக்கன் பயந்தவன் என்பது அரண்மனையில் அனைவரும் அறிந்ததே. அந்தப் பதவி அவனுக்குக் கிடைத்ததே அதனால்தான்; பயந்தவன் திருட மாட்டான் என்று யாரோ அரசருக்குச் சொல்லியிருந்தார்கள். பணம் குறைகிறதென்றால் திருடன் இருக்கிறான் என்றும், அமாவாசைக்குள் அவனைக் கண்டு கொணர வேண்டுமென்றும், கிடைக்காவிடில் மடைப்பள்ளித் தலைவி ஐயாறியின் வலக்கை வெட்டப்படுமென்றும் அரசர் அருளிச்செய்தார். ஐயாறி என்ன குற்றம் செய்தாள் என்று கேட்கும் துணிவு காரி நக்கனுக்கு வரவில்லை. அரசரே காரணமும் சொன்னார்: நெய்யைத் தொடுகிற கை அவளுடைய கைதானாம்.

தேவியாருக்குக் காய்ச்சல் கண்டபோது மிளகுக் கஞ்சி வைத்து வாயில் ஊட்டிய கையும் அதுவே. இதை எழுதாமல் விட முடியவில்லை.

ஐயாறியைப் பழைய யானைக்கொட்டிலில் அடைத்தார்கள். காரி நக்கன் ஒரு பொழுதெல்லாம் அந்தப் பக்கம் போவதும் பாதியில் திரும்புவதுமாக இருந்து, கடைசியில் போனான். அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுவதைத் தேவியார் பொறுத்தருள்க. செம்மைப்படுத்தினால் அதன் உயிர் போய்விடுகிறது.

"வாங்கய்யா அதிகாரி. கையைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தீங்களா? இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு, நல்லாப் பாத்துக்குங்க."

காரி நக்கன் தரையைப் பார்த்தபடி, பணம் எங்கே போகிறதென்று அவளுக்கு ஏதேனும் தெரியுமா என்று கேட்டான்.

"பணம் போற எடம் எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு மூட்டை போற எடம்தான் தெரியும். மாசா மாசம் மிளகு மூட்டை வாங்குறோம். முற்றத்துல வந்து எறங்குது. நான் வாயைப் பிரிக்கிறதுக்குள்ள பண்டாரத்து ஆளுங்க வந்து, மண்டபத்துக்கு வேணும்னு தூக்கிட்டுப் போயிடறாங்க. அடுத்த மாசம் புது மூட்டைன்னு ஒண்ணு வந்து நிக்குது. பாத்தா அதே மூட்டை."

அதே மூட்டை என்று எப்படித் தெரியும் என்றான்.

"எலி கடிச்ச ஓட்டையை என் சேலைக் கரையில நூல் உருவி நான்தானே தைச்சேன்! பச்சை நூலு. என் தையல் எனக்குத் தெரியாதா?"

இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று அவன் அழாக்குறையாகக் கேட்டான்.

"யாரு கேட்டா? திருடனைத் தேடி வந்தவங்க எல்லாரும் நெய்ச்சட்டியைத்தான் மோந்து பாத்தாங்க."

ஆகவே காரி நக்கன் மூட்டையின் பின்னால் போனான். போனான் என்று எழுதுவது எளிது. மூட்டை முற்றத்தில் இறங்கியதையும், பச்சை நூல் தையலையும், பண்டாரத்து ஆட்கள் அதைத் தூக்கியதையும் கண்ட பிறகு, அவர்கள் திரும்பிப் பார்த்தால் என்ன சொல்வதென்று ஒவ்வொரு தூணின் பின்னாலும் நின்று யோசித்து, ஒவ்வொரு தூணிலும் வேறொரு பொய்யை ஆயத்தம் செய்துகொண்டு போனான். மூட்டை மண்டபத்தின் பக்க அறைக்குள் நுழைந்தது. அங்கே இரண்டு யானைத் தந்தங்களும் ஒரு பட்டுச்சுருளும் முன்னமே காத்திருந்தன. முறுக்கு மீசையும் பொன் தலைப்பாகையுமாக ஒருவன் மூட்டையின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். கொம்பு ஊதியதும் அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, முகத்தைத் துயரமாக்கிக்கொண்டு, ஆட்கள் மூட்டை சுமந்து பின்தொடர அவைக்குள் சென்றான்.

அவையில் கட்டியக்காரன் அறிவித்ததை எழுதக் கை கூசுகிறது. "நெய்தல்வாயில் அரையரின் தூதன், திறையோடு வந்து பணிகிறான்" என்றான்.

ஆம், தேவியாரே. தங்கள் திருத்தந்தையார் பெயர்தான். மீசைக்காரன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தன் அரசர் ஏழ்பொறைக் கோவின் சினத்தை நினைத்து உறக்கமின்றித் தவிக்கிறார் என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதான். அரசர் மனமிரங்கி, உன் அரசனைப் பொறுத்தோம், எழுந்திரு என்று அருளினார். தேவியாரின் திருத்தந்தையாரிடம் இருநூறு மரக்கலங்களும் குறுகிய பொறுமையும் உண்டென்பதைத் தூண்மறைவில் நின்ற காரி நக்கன் நினைத்துக்கொண்டான்.

தூதன் வெளியே வந்து மீசையைப் பிய்த்துப் பெட்டிக்குள் போட்டான். பார்த்தால் கீழைவீதிக் கூத்தன் பட்டாலகன். திருவிழாக் கூத்தில் அரக்கன் வேடம் கட்டுகிறவன். காரி நக்கனைக் கண்டதும் அவன் கொஞ்சமும் திடுக்கிடவில்லை.

"வாங்க வாங்க, புது ஆளா? மலைநாட்டு ராஜாவுக்கா, வேங்கைமங்கலத்துக்கா? அந்தப் பெட்டியில கிரீடம் இருக்கு, எடுத்துக்குங்க. கூலியை மொதல்லயே பேசிடுங்க அண்ணே. சும்மா விழுந்தா ஒரு காசு. அழுதுக்கிட்டே விழுந்தா ரெண்டு. போன மாச அழுகைக்கே எனக்கு இன்னும் பாக்கி. இந்த அரண்மனையில அழ வச்சுட்டுக் காசு குடுக்க மாட்டாங்க."

காரி நக்கன் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பட்டாலகன் அதைப் புதியவனின் மேடைக் கூச்சம் என்று எண்ணி, வெற்றிலை மடித்துக் கொடுத்து, மற்றதையும் சொன்னான்.

தேவியார் கேட்ட கணக்கு இதுவே. ஏழ்பொறைக்குத் திறை கட்டிவந்த சிற்றரசர்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திவிட்டார்கள். முதலாமவர் நிறுத்திய மாதம், அதை அரசரிடம் சொல்ல அஞ்சிய முன்னாள் முதலமைச்சர், மனைச்செலவுப் பொன்னில் ஒரு மூட்டை மிளகு வாங்கி அந்தச் சிற்றரசர் பெயரில் கொண்டுவந்து வைத்தார். அந்த ஒரு மாதம் கடந்தால் போதும் என்றுதான் செய்திருப்பார். அடுத்த மாதம் இன்னொருவர் நிறுத்தினார். திறை நன்றாக வருவதைக் கண்டு களித்த அரசர், ஒருநாளும் திறை கட்டியிராத நாடுகளையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னபோது, இல்லை என்று சொல்லும் வழி அடைபட்டுப்போனது. முதலமைச்சர் திரும்பும் எண்ணமில்லாத தல யாத்திரை ஒன்று சென்றார். வழக்கம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

திறையாக வந்த மிளகைப் பண்டாரத்தார், அதை விற்ற அதே வணிகரிடம் பாதி விலைக்கு விற்கிறார்கள். வணிகர் அதை மறுமாதம் முழு விலைக்கு மடைப்பள்ளிக்கு விற்கிறார். பண்டாரத்துக்குக் கிடைத்த பாதி விலையில், இம்மாதமும் திறை வந்தது என்று வடக்கு வாசல் தூணில் கல்லெழுத்து வெட்டுகிறார்கள். ஆகவே தேவியாரின் சோற்றுக்கு வராத நெய் வடக்கு வாசல் தூணில் இருக்கிறது. வாசிக்கலாம், உண்ண முடியாது.

இதை அறிந்த பிறகு காரி நக்கன் தன் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டே திரிந்தான். உம் அடியில் விழுந்து அழுதவன் காசுக்கு அழுதான் என்று அரசரிடம் சொன்னால், சொல்லி முடிக்கும்வரை தலை இருக்குமா என்பது தெரியாது. சொல்லாவிட்டால் ஐயாறியின் கை போகும். வெளியே கசிந்தால் நெய்தல்வாயில் கலங்கள் பாய் விரிக்கும். கொட்டிலுக்குச் சோறு கொண்டுபோகும் பெண்ணிடம் ஐயாறி கேட்டனுப்பினாளாம்: "அதிகாரி கண்டுபிடிச்சாரா, இல்ல நான் இடக்கையால அரைக்கப் பழகிக்கட்டுமா?"

அமாவாசை நெருங்கியது. அரசர் காரி நக்கனை அழைத்து, வேறு திருடன் அகப்படாமையால் ஐயாறியே திருடியென்று முடிவாயிற்று என்றும், கை வெட்டப்படுவதைக் கண்டு மனம் ஆறித் திரும்புமாறு தேவியாருக்கு ஓலை எழுதுக என்றும் பணித்தார்.

தேவியார் அறிந்த வழக்கம்தான்: ஓலையில் தம் பட்டங்களை மட்டுமே அரசர் கேட்பார். பட்டங்கள் முடிந்ததும் முதல் ஏட்டில் இலச்சினை பதிப்பார். அதற்குப் பின் வருவது மற்றவர் விவகாரம் என்பது அவர் கொள்கை. காரி நக்கன் அந்த வழக்கத்தை நம்பி, பணித்ததை எழுதாமல், இதுவரை தேவியார் வாசித்த அனைத்தையும் எழுதிக் கோத்து எடுத்துக்கொண்டு போனான். வாழ்நாளில் அவன் துணிந்த ஒரே காரியம் அது. போகும் வழியில் இரண்டு முறை அதை அடுப்பில் போட எண்ணி மடைப்பள்ளிப் பக்கம் திரும்பினான். அடுப்பு எரியவில்லை, எரிக்க ஐயாறி அங்கில்லை.

அவன் வாசித்தான். கடல்கொண்டான் வந்தது. ஏழ்பொறை நாடுடைய என்பது வந்தது. தேவியார் நலமும் நெய்தல்வாயில் வலைகளும் வாழ்த்தப்பட்டன. அரசர் இலச்சினையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் பதிக்கவில்லை.

"மேலே வாசி" என்றருளினார்.

மேலே, மற்றவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்று இருந்தது. அதற்குக் கீழே கூத்தன் பட்டாலகன் இருந்தான். காரி நக்கனின் காதுக்குள் கொம்பு ஊதியது. அரசர் கையை நீட்டினார். அவருக்கு எழுத்து நன்றாகவே தெரியும். அந்தக் கை ஏட்டைத் தொடுவதற்குள் காரி நக்கனின் வாய் அவனைக் கேளாமலே திறந்துகொண்டது.

"இடிக்கு இடியானவர்" என்றது. "தும்மினால் திசை நடுங்குபவர். ஞாயிறு தம் வாசல் கடக்கும்போது தலை தாழ்த்திச் செல்லப்பெற்றவர். ஆண்யானைகளின் அச்சம், பெண்மயில்களின் பெருமூச்சு, வேந்தர்தம் மனைவியர் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் காரணர்..."

நீட்டிய கை மெல்லத் தொடையின் மேல் இறங்கியது. கண்கள் பாதி மூடின. என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், எங்கே நிறுத்துவதென்றும் தெரியாமல், வியர்வை மூக்கு நுனியில் நின்று சொட்ட, அவன் ஏட்டில் இல்லாததை ஏட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனான். மூச்சு முட்டிய பிறகே நிறுத்தினான்.

இவை முன்பு கேட்டவை அல்லவே என்று அரசர் அருளினார். புதியவை, தேவரீரே என்று காரி நக்கன் சொன்னான். குரல் எங்கிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியாது. நன்றாயிருக்கின்றன, அனைத்தையும் வடக்கு வாசல் தூணில் வெட்டச் சொல் என்று பணித்து, அரசர் இலச்சினையைப் பதித்து உறங்கச் சென்றார்.

ஆகவே அடுத்த மாதப் பணம் எங்கே போகும் என்பதும் தேவியாருக்கு இப்போதே அறிவிக்கப்படுகிறது. தூணில் இடம் போதாதென்று கல்தச்சர்கள் புதுத் தூணுக்கு விலை கேட்டிருக்கிறார்கள்.

இந்தக் கடைசி ஏடு அதன் பின் எழுதிக் கோத்தது. முதல் ஏட்டில் இலச்சினை இருப்பின் கீழ் ஏடுகள் யாவும் அரசர் வாக்கு என்பது இந்நாட்டுச் சட்டமாதலால், ஆணை வருமாறு:

தேவியார் அமாவாசைக்கு முன் எழுந்தருளி இவ்வோலையைக் கொட்டில் காவலனிடம் காட்டுக. அவன் எழுத்தறியான், இலச்சினை அறிவான். மடைப்பள்ளித் தலைவி ஐயாறியை, இரு கைகளோடும், தேவியார் பல்லக்கில் ஏற்றுவிக்க. நெய்தல்வாயில் அரையர் தம் பெயரால் சிந்தப்பட்ட கண்ணீர் குறித்துக் கொள்ளும் சினத்தை, பல்லக்கு எல்லை கடக்கும்வரை அடக்கி வைத்தருள்க. பல்லக்கின் பின்னே குடை பிடித்து வர ஆள் தேவைப்படுமாயின், மனையதிகாரி காரி நக்கனைக் கொள்க. கூலி வேண்டுவதில்லை. வேகமாக நடப்பான்.

இவ்வாணையை மீறுவோர் அரசரின் சினத்துக்கு ஆளாவர். நிறைவேற்றுவோரும் ஆளாவர், ஆதலின் விரைந்து நிறைவேற்றுக.

இஃது ஏழ்பொறை நாடுடைய கோவின் ஆணை. கோ இதனை இன்னும் அறியார்.