பின்னால் ஓடிய அலுமினியத் தகடு

இன்று மத்தியானம் லாரியில் வந்த சாமான்களுக்குள் எரிந்துபோன மோட்டார் ஒன்று கிடந்தது. மூடியைக் கழற்றியதும் குப்பென்று அந்த வாசம் வந்தது. தீய்ந்த வார்னிஷும் செம்பும் கலந்த வாசம். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். மற்றவர்களுக்குச் செத்துப்போன மனைவியின் நினைவு மல்லிகைப் பூவில் வருமாம். எனக்கு மோட்டார் வார்னிஷில் வருகிறது. ஆயர் குரோ தொழிற்சாலையில் ஏழு வருசம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றியவள் நீ. அந்த வாசம் உன் தலைமுடியில் ஏறியிருந்தது. எத்தனை தடவை சீயக்காய் போட்டாலும் அது போனதில்லை.

தொழிற்சாலை பஸ் உன்னைப் புக்கிட் காத்தில் ஊர் முச்சந்தியில் இறக்கிவிடும். நான் பழைய இரும்புக் கொட்டகை வாசலில் நிற்பேன். நம் ஆட்கள் அதை மலாய்ப் பேச்சில் பெசி பூரோக் கடை என்பார்கள். நீ மட்டும்தான் "நம்ம கம்பெனி" என்பாய். அதில் பாதி கிண்டல் என்று எனக்குத் தெரியும்.

நான் தோட்டத்துக் கூலி லயத்து வீட்டிலிருந்து வெறுங்கையோடு வந்தவன். என் படிப்பெல்லாம் சட்டைப் பையில் கிடந்த ஒரு காந்தம்தான். சாமானில் வைத்தால் ஒட்டும், அல்லது ஒட்டாது. ஒட்டினால் இரும்பு, இந்தப் பக்கம் போடு. ஒட்டாவிட்டால் அலுமினியம், செம்பு, பித்தளை, அந்தப் பக்கம் போடு. அந்த ஒரு காந்தத்தை வைத்து நான் நிலம் வாங்கினேன், உன்னைக் கட்டினேன். உலகம் இரண்டே குவியல் என்று நம்பினேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஒரு சாயங்காலம் டிவியில் வெளிநாட்டு ரோலர் கோஸ்டர் ஒன்றைக் காட்டினார்கள். சங்கிலி கட்டி மேலே இழுக்கிற பழைய மாதிரி இல்லை. நின்ற இடத்திலிருந்து கண் மூடித் திறப்பதற்குள் பாய்ந்து போனது. நீ சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய்.

"என்னங்க, இது நம்ம மோட்டாருதான்."

"எந்த மோட்டாரு?"

"நாங்க சுத்துறது வட்டமா இருக்கும்ல? அத ஒரு பக்கம் வெட்டி, பாய் விரிக்கிற மாதிரி விரிச்சிட்டாங்க. உள்ள சுத்துற காந்தம் இப்ப நேரா ஓடுது. லீனியர் மோட்டாருன்னு எங்க இஞ்சினியர் சொன்னாரு. வண்டிக்கு அடியில வெறும் அலுமினியத் தகடுதான். அதத்தான் புடிச்சுத் தள்ளுது."

நான் சிரித்தேன். பையிலிருந்து காந்தத்தை எடுத்து, சோற்றுப் பானையின் அலுமினிய மூடியில் வைத்துச் சாய்த்தேன். காந்தம் வழுக்கி விழுந்தது. "பாத்தியா? காந்தம் ஒட்டாத சாமான காந்தம் எப்படித் தள்ளும்? இந்தக் கதையெல்லாம் உங்க பஸ்சுல சொல்லுலா."

நீ கோபப்படவில்லை. மூன்று விரல்களை என் முன்னால் நிறுத்தி, ஒன்று மாற்றி ஒன்றாக உயர்த்தித் தாழ்த்தினாய். "மூணு கம்பில கரண்டு இப்படித்தான் மாத்தி மாத்தி ஏறும். மூணு பொண்ணுங்க வரிசையா நின்னு ஒருத்தி மாத்தி ஒருத்தி கையத் தூக்குனா, ஒரு அலை ஓடுற மாதிரி இருக்குமே, அதுதான். காந்தம் சும்மா நின்னா அலுமினியம் கண்டுக்காது. ஓடுச்சுன்னா அலுமினியத்துக்குள்ளயே கரண்டு பொறக்கும். அந்தக் கரண்டும் ஒரு காந்தமாயிடும். அப்புறம் அலையத் தொரத்திக்கிட்டே ஓடும். ஆனா எட்டிப் புடிக்காது."

"புடிச்சிட்டா?"

"புடிச்சிட்டா தள்ளு நின்னுடும்."

அந்த மூன்று விரல்களும் இப்போதும் என் கண்ணுக்கு முன்னால் ஏறி இறங்குகின்றன. மழை நேரத்தில் கொஞ்சம் அதிகம்.

அந்தச் சமயத்தில் நமக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை உன்னை டெக்னீஷன் பயிற்சிக்குக் கோலாலம்பூர் பக்கம் ஆறு மாதம் அனுப்பத் தயாராக இருந்தது. உனக்கு ஆசை. எனக்கு, கொட்டகைத் தராசில் நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். மகளுக்கு மூன்று வயது. "பிள்ளைய யாரு பாத்துக்குவா?" என்று நான் கேட்டதற்கு, "உங்க பிள்ளைதானே, நீங்க பாத்துக்குங்க" என்றாய். உண்மையைச் சொல்லவா? தராசும் பிள்ளையும் சாக்கு. போனவள் திரும்பி வரும்போது நான் உனக்குச் சின்னவனாகத் தெரிவேனோ என்ற பயம்தான் எனக்கு.

அந்த டிவி சாயங்காலம், பானை மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நீ கேட்டாய்: "நான் இத ஓட வச்சுக் காட்டுனா?"

"காட்டு. படிக்கப் போ. ஓடலன்னா வேலைய விட்டுட்டுத் தராசுல வந்து ஒக்காரு."

கையில் இருக்கிற சரக்கு என்னவென்று தெரிந்தால்தான் நான் பேரம் பேசுவேன். இந்தப் பேரத்தில் தோற்க வழியே இல்லை என்று நினைத்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். பழைய டிரான்ஸ்பார்மர்களை உடைத்து, சீப்புப் பல் மாதிரி வெட்டிய இரும்புத் தகடுகளை அடுக்கினாய். பல்லுக்குப் பல் செம்புச் சுருள் இறக்கினாய். அப்படி இரண்டு வரிசை, எதிரும் புதிருமாக. நடுவில் இரண்டு விரல் இடைவெளி. நம்மிடம் கேஸ் தீயால் இரும்பு வெட்டிய முனியாண்டி அண்ணன் மேலே தண்டவாளம் போட்டு, பேரிங் சக்கரம் வைத்த சின்ன வண்டி ஒன்றைச் செய்து தந்தார். வண்டியின் அடியில் தொங்கிய அலுமினியத் தகடு, இரண்டு வரிசைக்கும் நடுவில் எதையும் தொடாமல் நின்றது. முன் கோடியில் வண்டியைத் தாங்க ஒரு பழைய மெத்தையைச் சாய்த்து வைத்தாய்.

மூன்றாவது ஞாயிறு காலை. நீ குளிக்கப் போயிருந்தாய். வெயில் தகரத்தின் ஓட்டைகள் வழியாக இறங்கி, சுருள்களின் மேல் காசு காசாக விழுந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. அவ்வளவு அழகாக அடுக்கிய ஒரு சாமான் ஓடாமல் இருக்காது என்று அப்போது பட்டது. கொட்டகையின் பெரிய மூன்று கம்பிக் கரண்டிலிருந்து வந்த சிவப்பு, மஞ்சள், நீலக் கம்பிகளைப் பார்த்தேன். சுவிட்சு அணைந்திருந்தது. சிவப்பையும் நீலத்தையும் கழற்றி இடம் மாற்றி முடுக்கினேன். கம்பி மாறினால் மோட்டார் ஓடாது என்பதுதான் என் அறிவு. பழைய சாமான்காரனுக்கு மோட்டாரின் எடை தெரியும், குணம் தெரியாது.

நீ ஈரத்தலையோடு வந்து சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றாய். "ரெண்டு எண்ணுறதுக்குள்ள நிறுத்திடுவேன். இல்லன்னா சுருள் சூடாயிடும். அந்த ரோலர் கோஸ்டர்லயும் அப்படித்தான், ஒரு மூச்சு நேரந்தான் கரண்டு." நான் வண்டிக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். ஒன்றும் நடக்காது என்ற தைரியம்.

ம்ம்ம் என்று ஓர் உறுமல். அவ்வளவுதான். வண்டி மெத்தை இருந்த பக்கம் போகவில்லை. என்னை நோக்கி வந்தது. கோப்பை பறந்தது, நாற்காலி சரிந்தது, நான் அலுமினியச் சட்டிக் குவியலில் மல்லாந்து கிடந்தேன்.

"அடேயப்பா! ரிவர்ஸ் கியரும் வச்சிருக்கியா தங்கச்சி!" என்று முனியாண்டி அண்ணன் கைதட்டினார்.

நீ சிரிக்கவில்லை. சுவிட்சை இறக்கிவிட்டுக் கம்பி முடுக்கிய இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். வேட்டியில் தேநீர் ஊற்றிக்கொண்டு கிடந்த என்னை. சிவப்பையும் நீலத்தையும் உன் கையாலேயே மாற்றி முடுக்கிவிட்டு, அண்ணன் காதில் விழாத குரலில் சொன்னாய்: "ரெண்டு கம்பி மாறுனா நிக்காதுங்க. திரும்பி ஓடும்."

இரண்டாவது தடவை வண்டி முன்னால் பாய்ந்து மெத்தையில் புதைந்தது. சங்கிலி இல்லை, கயிறு இல்லை, யாரும் தொடவும் இல்லை. வெயில் காசுகள் தகட்டின் மேல் ஓடி மறைந்தன. அடுத்த வாரம் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தராசில் நான்தான் உட்கார்ந்தேன்.

நீ திரும்பி வந்தாய். தொழிற்சாலையில் பெரிய பொறுப்பில் இருந்தாய். நான் பயந்த மாதிரி என்னை ஒருநாளும் சின்னவனாகப் பார்க்கவில்லை. கம்பி விஷயத்தை நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளிலும் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

போன பள்ளி விடுமுறையில் மகள் பிள்ளைகளோடு என்னையும் வெளிநாட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே அந்த மாதிரி வண்டி இருந்தது. "அம்மா சொன்ன வண்டிப்பா, வாங்க" என்று ஏற்றிவிட்டாள். வண்டி சத்தமில்லாமல் நின்றது. நான் குனிந்து சுருள்களைத் தேடினேன். பிறகு முதுகில் ஒரு தள்ளு. வானம் முகத்துக்கு வந்தது. நிமிர்ந்து நின்ற தண்டவாளத்தில் ஏறி, ஒரு நொடி அந்தரத்தில் தொங்கி, வந்த வழியே பின்னால் சரிந்தோம். சுருள்களுக்கு நடுவே வரும்போது அது மறுபடி தள்ளியது, இந்த முறை பின்பக்கமாக. பின்னால் ஓடிய அந்த நொடியில் சட்டிக் குவியலும் வெயிலும் தெரிந்தன, ஈரத்தலையோடு நீ தெரிந்தாய். "மாத்துனது நான்தான்!" என்று கத்திவிட்டேன்.

இறங்கியதும் மகள் கேட்டாள்: "என்னாத்தப்பா மாத்துனீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அம்மா எப்பவோ சொல்லிட்டாங்கப்பா. பயிற்சிக்குப் போக அவங்களுக்கே பயமா இருந்துச்சாம். நீங்க கம்பிய மாத்துனதப் பாத்துதான் தைரியம் வந்துச்சாம். 'ஓடாதுன்னு நெனச்சவரு எதுக்குக் கம்பிய மாத்தணும்? அது ஓடும்னு மொதல்ல நம்புனது உங்கப்பாதான்' அப்படின்னாங்க."

மழை விட்டுவிட்டது. இந்த மோட்டாரை நாளைக்கு உடைத்துச் செம்பைப் பிரிக்கச் சொல்வேன். வியாபாரம் வியாபாரம்தான், நீயும் அதைத்தான் சொல்லுவாய். இன்றைக்கு மட்டும் மூடியைத் திறந்தே வைத்திருக்கிறேன். காந்தம் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நீ என்னைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தையும் அதே பையில்தான் இருக்கிறது. எட்டிப் பிடிக்க முடியாத அலையாக ஓடும் உனக்குப் பின்னால் அதுதான் என்னைத் தள்ளிக்கொண்டு போகிறது.