கிணத்துக்காரியின் கை

திண்டிவனம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்.

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும், உன் அண்ணன் தேவா குடும்பமும் இங்கே சுகமாக இருக்கிறோம்; அந்த டப்ளின் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் காகிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். காகிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. தவிர இதோடு ஒரு தாளும் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் வலி வந்தால்தான் போடுவேன் என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஊரில் கிணறெல்லாம் நிறைந்து கிடக்கிறது. நம்ம கடை ஜெராக்ஸ் மிஷின்தான் ஈரக் காற்றுக்குத் தாளை இழுக்க மாட்டேன் என்று பேஜார் பண்ணுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ படம் போட்டுக்கொண்டிருக்கிற பேய்ப் புத்தகத்தின் பக்கங்களை வாட்சப்பில் அனுப்பினாயே, நம்ம ஊர்க் கிணத்துக்காரியின் கதை, அதைப் பெரிய தாளில் கலர் பிரிண்ட் போட்டுக் கடைச் சுவரில் ஒட்டி வைத்தேன். எல்லா வயதுக்காரர்களும் படிக்கிற புத்தகம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. செருப்பு வாங்கப் போனாலே வயதைக் கேட்டுத்தான் எடுத்துக் காட்டுகிறான், புத்தகத்துக்கு வயது வேண்டாமா என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆதார் நகலெடுக்க வந்த பெரியவர் ஒருவர் மீதிச் சில்லறையை வாங்க மறந்து அதன் முன்னால் நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிணத்துக்காரியின் கன்னத்துக் குழியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பெரிய கண், பாசியால் ஆன தலைமுடி, கை நிறைய வளையல், குழந்தைக்கு இருப்பதுபோல் இரண்டு குட்டிக் கைகள். கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் படியிறங்கி வந்து மல்லாட்டைக் கடலை கொடுக்க, அது வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு செட்டை வீட்டுக்கும் எடுத்துப் போய் தேவாவின் மகள் இனியாவிடம் கொடுத்தேன்.

இனி நான் சொல்வதைப் பதறாமல் படி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் இனியா பள்ளிவிட்டு வந்ததும் டிபன் பாக்ஸ் மூடியில் வேகவைத்த மல்லாட்டையை எடுத்துக்கொண்டு தெற்குக் கொல்லைக் கிணற்றுக்குப் போய்விட்டாள். அவள் அம்மா புனிதா துணி எடுக்கப் போனவள் தற்செயலாகப் பார்த்திருக்கிறாள். குழந்தை படியில் இறங்கி, தண்ணீருக்கு மேல்படியில் குந்திக்கொண்டு, கிணத்துக்காரியைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். புனிதா சத்தம் போடாமல் இறங்கிப் பின்னாலிருந்து அள்ளித் தூக்கி வந்துவிட்டாள். வந்து வாசலில் உட்கார்ந்தவள் வெகுநேரம் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. ஏண்டி போனாய் என்று நான் கேட்டதற்கு, "அது பாவம் தாத்தா, பசியோட தனியா ஒக்காந்துக்கினு இருக்குது, அத்தைதான் போட்டுக் காட்டியிருக்காங்களே" என்று என்னையே திருப்பிக் கேட்டது குழந்தை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்போதே உன்னைப் போனில் கூப்பிட்டுக் கத்தியிருப்பேன், அம்மாதான் தடுத்தாள். "நான் சொன்ன கதையில பயம் இருந்துச்சி, ஒங்க பொண்ணு அதைப் புடுங்கிட்டு பொட்டு வெச்சி அனுப்பியிருக்கா" என்றாள். அந்தப் பேச்சுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கிணற்றோரம் போனால் நீளக் கையால் பிடித்து இழுத்துக்கொள்வாள் என்று நம்ம வீட்டில் உனக்கும் தேவாவுக்கும் கிணத்துக்காரியைச் சொன்னவள் அம்மாதான். அப்படியானால் எனக்குச் சின்ன வயதில் சொன்னது யார்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், யாருமே இல்லை. எனக்கு ராத்திரியில் காட்டிய பயமெல்லாம் புளியமரத்து முனிதான். கடைக்கு வருகிறவர்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். முகையூர்க்காரர்களுக்கு அப்படி ஒருத்தியைத் தெரியவே தெரியாது. நம்ம ஊரையும் பக்கத்து இரண்டு ஊரையும் தாண்டினால் அவள் பெயரே இல்லை. அந்த ஊர்களிலும் என்னைவிட மூத்தவர்கள் சின்ன வயதில் கேட்டதில்லை, இளையவர்கள் எல்லாருக்கும் தெரிகிறது. பேய் என்றால் தலைமுறை தலைமுறையாக வருவது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன், இது என்னைவிடச் சின்னதாக இருக்கிறதே! தூக்கமே வரவில்லை எனக்கு. கடைசியில் உனக்கு யார் சொன்னார்கள் என்று அம்மாவைக் கேட்டேன். கல்யாணமாகி வந்த புதிதில் நடவு வேலைக்குப் போனபோது ஜெயம் அக்கா பிள்ளைகளிடம் சொல்லிக் கேட்டதாகச் சொன்னாள்.

ஜெயம் அக்காவை உனக்கு நினைவிருக்கும், நம்ம தெருக் கோடி வீடு, நடவில் முன்னால் நின்று பாடுவார். இப்போது ஒலக்கூரில் மகள் வீட்டில் இருக்கிறார். உன் படங்களைச் சுருட்டிக்கொண்டு நேற்று போனேன். கிணத்துக்காரியை உனக்கு யாரக்கா சொன்னார்கள் என்று கேட்டதும், டீத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "யாரும் சொல்லல தம்பி, நான்தான் செஞ்சேன்" என்றார், குழம்பு வைத்ததைச் சொல்வதுபோல. அவர் மகன் சவுரிராயன் கிணற்றில் விழுந்து செத்தது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். நாலுவழிச் சாலை போட்டபோது மூடினார்களே, அந்தக் கிணறுதான். ஆனால் அந்தச் சாவையும் இந்தப் பேயையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை. அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாத்து நடும்போது புள்ளைங்கள வரப்புல உட்டுட்டுத்தான எறங்குவோம். சத்தம் கேட்டு ஓடியாந்து படியில படுத்துக்கினு கைய நீட்டினேன் தம்பி. எட்டல. அடுத்த வருசம் நடவுக்கு வேற புள்ளைங்க அதே கெணத்தாண்ட வெளையாடிக்கினு இருந்துச்சிங்க. காவலுக்கு நிக்க எங்கள்ல யாருக்கு நேரம்? அதான் ஒருத்திய உள்ள ஒக்கார வெச்சேன்." அதற்கப்புறம் ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம். பொய் சொல்கிறோமே என்று கோவிலில் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது சாமியாரிடமும் சொல்லியிருக்கிறார். அவர், புள்ளைங்க கெணத்தாண்ட போகாம இருக்கிற வரிக்கும் சொல்லிக்கினே இரு என்றாராம். இதைச் சொல்லி அக்கா சிரித்தார், நானும் சிரித்தேன், பிறகு என்னால் டீயைக் குடிக்க முடியவில்லை.

உன் படங்களைத் தரையில் பரப்பிக் காட்டினேன். ரொம்பநேரம் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பயம், கோபித்துக்கொள்வாரோ, இப்படி விளையாட்டாகப் போட்டிருக்கிறாளே என்று அழுவாரோ என்று. அவர் உன் படத்தின் கன்னத்தைத் தடவி, "மொகம் எப்டி வேணா இருக்கட்டும், நான் மொகம் வெச்சதே இல்ல. கைதான் குட்டையா பூட்டுது" என்றார். பிறகு என் பேனாவை வாங்கி, தண்ணீரிலிருந்து மேலே கையை இழுத்துக்கொண்டு போனார். தாள் முடிந்துவிட்டது. இன்னொரு தாள் இருக்குதா என்றார். பையிலிருந்த தாள்களை ஒட்டிக் கொடுக்கக் கொடுக்க அவர் இழுத்துக்கொண்டே போனார். எவ்வளவு நீளம் வேண்டும் அக்கா என்றேன். "கரைக்கு எட்டணும்" என்றார். அன்பு, நான் அங்கேயே அழுதுவிட்டேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

வீட்டுக்கு வந்து, அந்தக் கை பிள்ளைகளைப் பிடித்து இழுக்கிற கை இல்லை, தூக்கிவிடுகிற கை என்று இனியாவிடம் ஆசையாகச் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அக்கா வழியனுப்பும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. "அந்தக் கை எதுக்குன்னு புள்ளைங்களுக்கு நான் சொன்னதே இல்ல, நீயும் சொல்லிடாத" என்றார். யோசித்துப் பார், தூக்கிவிடும் என்று தெரிந்தால் நம்ம இனியா அதைப் பார்ப்பதற்காகவே குதிப்பாள். அதனால் உனக்கு அப்பா சொல்வது இதுதான். கண்ணும் கன்னக் குழியும் உன் இஷ்டம். கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் படியிறங்குவதை மட்டும் எடுத்துவிடு, அவர்கள் கரையிலேயே நிற்கட்டும். கையை நீளமாகப் போடு, சின்னப் பிள்ளைகள் பார்த்துப் பயந்து அம்மாவின் மடிக்கு ஓடட்டும். எதற்காக நீள்கிறது என்று ஒரு வரிகூட எழுதாதே, உள்ளங்கையைத் திறந்து மட்டும் வை. படித்துக்காட்டுகிற அம்மா அந்த இடத்தில் கொஞ்சம் நின்றால் நிற்கட்டும். எல்லா வயதுக்கும் என்று நீ சொன்னது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. புத்தகத்தில் பெயர் போடலாமா என்று அக்காவைக் கேட்டேன். தன் பெயர் வேண்டாம், இடம் இருந்தால் சவுரிராயன் என்று எங்காவது ஓர் ஓரத்தில் இருக்கட்டும் என்றார். இடம் பண்ணு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போ. கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. அம்மாவின் மாத்திரை விஷயத்தை மறக்காமல் கேள். ஜெயம் அக்கா வரைந்த தாளை இதோடு வைத்திருக்கிறேன், மடித்து மடித்துத்தான் உறைக்குள் போனது. மேசையில் விரிக்காதே, பத்தாது. தரையில் விரி.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
இருதயராஜ்