பதுளைக்கு வராத கோப்பை

பதுளை பஜார்,
1926 ஏப்ரல் 21.

அன்பு மகன் ஷுக்ரிக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் உன் தங்கை ஸல்மாவும் இங்கே ஒருவாறு நடமாடிக்கொண்டிருக்கிறோம், பினாங்கில் உன் உடம்புக்கு ஒரு நோவும் வராமலிருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். உன் கடிதம் நோன்பு பதினைந்தில் கைக்கு வந்தது, இப்போது பெருநாளும் வந்து போய்விட்டது. கடையில் வேலை அதிகம், அதனால் பதில் சுணங்கிவிட்டது என்று எழுதலாம்தான், ஆனால் பெருநாள் முடிந்த துணிக்கடையில் என்ன வேலை இருக்கும் என்று உனக்குத் தெரியாதா. எழுத மனம் வரவில்லை, அதுதான் உண்மை. நீ வழக்கம்போல் எல்லோரையும் ஒரே வரியில் விசாரித்துவிட்டு, இந்த வருஷமாவது பதுளை பந்தாட்டக் கோப்பையை எடுக்குமா என்று கேட்டிருக்கிறாய், எடுத்தால் அடுத்த கப்பலில் வருவேன், அதுவரை அந்த ஊரில் முகம் காட்ட மாட்டேன் என்று ஆறு வருஷமாக எழுதும் வரியையும் மறக்காமல் எழுதியிருக்கிறாய். எடுக்கவில்லை மகனே.

இந்த ஊரை நம்பி யாராவது இப்படி ஒரு வார்த்தை விடுவார்களா? பதினைந்து வருஷமாகப் பண்டாரவளைக்காரர்கள் வருகிறார்கள், வெல்கிறார்கள், நாம் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் திரும்பவும் கொண்டுபோகிறார்கள். ஒரு வருஷம் ஏழு கோல் வாங்கினோம். ஒரு வருஷம் நாம் அடித்த பந்து பதுளு ஓயாவில் விழுந்து வெள்ளத்தோடு போனது, அவர்கள் கொண்டுவந்த பந்தில் ஆடி அவர்களிடமே தோற்றோம். இன்னொரு வருஷம் அடைமழையில் அவர்கள் எங்கே வரப்போகிறார்கள் என்று நம் ஆட்கள் வீட்டில் படுத்துக்கொண்டார்கள், அவர்கள் வந்து நின்றார்கள். தோற்றுத் தோற்று இந்த ஊருக்கு அது மழை மாதிரி ஆகிவிட்டது, குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் அதைப் பற்றியே பேசிப் பேசி என் கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அந்தப் பந்தைக் கண்டாலே ஆகாது என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ அந்த வார்த்தையை எழுதிய நாளிலிருந்து ஒரு வருஷமும் தவறாமல் திடலில் போய் நிற்கிறேன், கோப்பைக்காக இல்லை.

இந்த முறை ஆட்டம் நோன்பு இருபத்திரண்டில் வந்தது. நாலு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது, தெமோதரைப் பக்கம் மண் சரிந்து ரயில் நின்றதால் பண்டாரவளைக்காரர்கள் வந்து சேரவே நாலரையாகிவிட்டது. நம் பதினொரு பேரில் பத்துப் பேர் நோன்பாளிகள், நாக்கு வறண்டு ஓடினார்கள், ஆனாலும் அல்லாஹ் கிருபை காட்டினான், இடைவேளைக்குப் பிறகு இத்ரூஸ் ஒரு கோல் போட்டான். நீ போன பிறகு அவன்தான் தலைவன். பள்ளிப் பாங்கு திடலுக்குக் கேட்காது, அதனால் நோன்பு திறக்கும் நேரத்தில் நானே கரையில் நின்று பாங்கு சொல்வதாக ஏற்பாடு, கஞ்சியும் பேரீச்சம்பழமும் என் பக்கத்தில் இருந்தன. நேரம் வந்துவிட்டது. தையற்கார ஸமீம் ஓடிவந்து என் கையைப் பிடித்து, “ரெண்டே நிமிஷம் பொறுங்க நானா, விசில் ஊதப் போறாங்க” என்றான். பந்துக்காகப் பாங்கை நிறுத்தி வைப்பதா என்று அவன் கையை உதறிவிட்டுக் காதில் விரலை வைத்தேன்.

அவ்வளவுதான். நம் பத்துப் பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள், இரண்டு பேர் பேரீச்சம்பழத்துக்காகக் கரைக்கே வந்துவிட்டார்கள். பண்டாரவளையில் பாதிப் பேர் நோன்பாளிகள், அவர்களும் நின்றார்கள், ஆனால் பந்து இருந்ததோ நோன்பில்லாத ஒருவன் காலில், நடுவரும் விசில் ஊதவில்லை. கோலில் நின்ற வீரய்யா மட்டும் ஆட்டத்தை விடவில்லை, தெமோதரைத் தோட்டத்துப் பையன், அவனும் ஒரு கையைப் போட்டுப் பார்த்தான், பந்து உள்ளே போய்விட்டது. நான் பாங்கை முடித்துக் கண்ணைத் திறக்கும்போது விசில் ஊதி ஆட்டம் முடிந்திருந்தது, ஒன்றுக்கு ஒன்று. சமனாக முடிந்தால் கோப்பை போன வருஷம் வென்றவர்களிடமே இருக்கும் என்பது அவர்கள் சட்டம். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாங்கு சொன்னவனை யார் குறை சொல்வது? கஞ்சியைக் குடித்தார்கள், கோப்பையைச் சலாம் சொல்லிக் கையளித்தார்கள், தொழப் போனார்கள். ஸமீம் மட்டும் இரண்டு நாள் என் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில்தான் அந்த வார்த்தையைக் கேட்டேன். உன் உம்மா காலையிலிருந்து முஸல்லாப் பாயை மடிக்காமல் துஆவில் இருந்தவள், உன் அறையைக்கூட மெழுகி வைத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை, “உங்கட வாயாலேயே என்ட புள்ள வார வழிய அடச்சிட்டீங்களே” என்றாள், அவ்வளவுதான். பாங்கைப் பிந்திச் சொல்லும் உரிமை எனக்கு எங்கே இருக்கிறது என்று அவளிடம் வாதாடினேன். ஆனால் மகனே, உனக்கு மறைக்க மாட்டேன், இரண்டு நிமிஷத்தில் யாருடைய நோன்பும் கெட்டிருக்காது, ஸமீம் கெஞ்சியதும் எனக்குள் ஒரு வீம்பு வந்தது, அந்த வீம்புதான் பாங்குக்கு முன்னால் வாயைத் திறந்தது. அதை அல்லாஹ் அறிவான், இப்போது நீயும் அறிவாய்.

மூன்றாம் நாள் வீரய்யா தோட்டத்திலிருந்து நடந்தே கடைக்கு வந்தான். துணி எடுக்க வந்தான் என்று நினைத்தேன். தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “ஒங்க மேல குத்தமில்லீங்க மொதலாளி, சாமிய கூப்புட்டா நிக்கிறது மொறதானே. நா ஒருத்தந்தான் நிக்காம இருந்தேன், நாந்தான் புடிச்சிருக்கணும்” என்றான். பத்துப் பேர் நின்றுவிட்டார்கள், வாயைத் திறந்தவன் நான், பழியை எடுத்துக்கொள்ள அத்தனை தூரம் நடந்து வருகிறவன் இவன். அவனை உட்காரவைத்து, உன் மேல் ஒரு பிழையும் இல்லை, தனியாக நின்றாயே அதுவே போதும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவன் போய்விட்டான், நான் கடைக்குள் உட்கார முடியாமல் வெளியே வந்து நின்றேன். இதே வாசலில்தான் ஆறு வருஷத்துக்கு முன் நீ நின்றாய். கோலுக்கு நேரே பந்தை வைத்து நீ ஒருவனாக அடிக்க வேண்டிய அடி வெளியே போய்விட்டது, மற்றப் பத்துப் பேரும் தொண்ணூறு நிமிஷம் அடிக்காத கோலுக்கு நீ பழியைச் சுமந்துகொண்டு வந்து நின்றாய். கடையில் ஆட்கள் இருந்தார்கள். “ஊரே தல குனியிற மாதிரி செஞ்சிட்டாய்” என்றேன். பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், அவர்கள் கேட்கட்டும் என்று சொன்னேன். வீரய்யாவுக்குச் சொன்னதை அன்றைக்கு உனக்குச் சொல்லியிருந்தால் நீ பினாங்கு போயிருக்க மாட்டாய். எனக்கு அறுபது ஆகிறது, களைத்துப் போனேன் மகனே, அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், என்னைப் பொறுத்துக்கொள்.

ஜெயித்துவிட்டோம் என்று எழுதிவிடுங்கள், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உம்மா சொன்னாள். அப்படி ஒரு கடிதம் எழுதியும் வைத்தேன், நேற்றுத்தான் கிழித்தேன். நீ ரயிலை விட்டு இறங்கியதும் ஸமீம்தான் முதலில் எதிரே வருவான், அவன் வாயை யார் மூடுவது? நீ போகும்போது பண்டாரவளை வரை வண்டியில் போய்த்தான் ரயில் ஏறினாய், இப்போது ரயில் நம் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. ஸல்மாவைப் பண்டாரவளையில் ஒரு நல்ல குடும்பத்தில் கேட்டிருக்கிறார்கள், கோப்பையும் அவர்களுக்கு, பெண்ணும் அவர்களுக்கா என்று பஜாரில் கேலி செய்கிறார்கள். அவளுடைய காக்கா நீ வந்துதான் பதில் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், மூன்று மாதம் தவணை கேட்டிருக்கிறேன்.

இந்த ஊர் ஜெயிக்கும் வரை நீ காத்திருந்தால் என் ஜனாஸாவுக்கும் வர மாட்டாய். என்னால்தான் இந்த வருஷம் கோப்பை போனது, ஆனாலும் இந்தத் தெருவில் எனக்குச் சலாம் சொல்கிறார்கள், என்னிடம்தான் பெருநாள் துணி எடுத்தார்கள், இரண்டு நாள் போனதும் ஸமீமும் வந்து தேத்தண்ணி கேட்டான். உனக்கும் அப்படித்தான் செய்திருப்பார்கள், நான் இடம் கொடுக்கவில்லை.

குளிர் தாங்காது, கம்பளி ஒன்று கொண்டுவா. கப்பல் எப்போது என்று தந்தி அடி. அல்லாஹ் உன் வழியை லேசாக்கி, நீண்ட ஹயாத்தையும் பரக்கத்தையும் நிறைவாகத் தருவானாக. ஸ்டேஷனுக்கு வேறு யாரையும் அனுப்ப மாட்டேன், உன்னைப் போலவே ஊருக்குக் கோப்பையைத் தோற்றுக்கொடுத்த நான்தான் வந்து நிற்பேன்.

வஸ்ஸலாம்.

உன் வருகையைப் பார்த்திருக்கும் வாப்பா,
மஹ்ரூப்